குமிழி அடங்கும்வரை

சனிக்கிழமை ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். அக்கா மகனுக்கு அது ஏனென்று புரியவில்லை. "காலைல நானே ஓட்டிட்டு வந்தர்றனுங்க மாமா, பத்து கிலோமீட்டர்தானே" என்றான். பத்து கிலோமீட்டர் ஓடிவந்த இன்ஜின் ஆறி முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். இந்த வேலைக்கு இன்ஜின் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டிதான் தோது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு டீயோடு திண்ணையில் உட்கார்ந்தோம். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவில், மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி கார் நின்றது. அதுவும் நான் சொல்லி நிறுத்தியதுதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடந்தது இதுதான். பத்து வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். வாட்டர் பம்ப்பில் ஒழுகல் கண்டு, ஒரு பட்டறையில் புதுப் பம்ப் போட்டு, புதுக் கூலண்டும் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினான். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவிலேயே சூடு காட்டும் முள் முக்கால் அளவுக்கு ஏறியது. ஒன்பதாவது வளைவில், எல்லாரும் அணையைப் பார்க்க இறங்கும் இடத்தில், இவன் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து மூன்று இடத்தில் காட்டினான். ஒருவர் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார். ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றார். மூன்றாமவர் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார்.

"பம்ப் மாத்துனப்புறம் காத்து எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் காத்துங்க மாமா?"

அவன் அப்படிக் கேட்டதில் தவறில்லை. கார் வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் கேட்பார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கழுத்துவரை கூலண்ட் தெரிகிறது, அதனால் உள்ளேயும் நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் பிசகு.

அவர்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டார் உண்டு. அதிலிருந்தே ஆரம்பித்தேன். "ஃபுட் வால்வு ஒழுகி, குழாய்ல இருந்த தண்ணி கிணத்துக்கு இறங்கிருச்சு. மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்?"

"சும்மா ஓடும். தண்ணி எடுக்காது."

"அப்ப என்ன பண்ணுவ?"

"மேல தண்ணி ஊத்தி, காத்தெல்லாம் வெளிய போனப்புறம் போடோணும்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் சொல்லிவிட முடியாது. காரின் வாட்டர் பம்ப்பும் அதே சாதிதான். உள்ளே ஒரு சக்கரம், அதில் இதழ்கள்; சுழலும்போது நடுவில் வரும் தண்ணீரை ஓரத்துக்கு வீசி எறிகிறது. வீசுவதற்குக் கனம் வேண்டும். தண்ணீரைவிடக் காற்று ஏறத்தாழ 800 மடங்கு லேசு. சக்கரத்தின் நடுவில் காற்று வந்து உட்கார்ந்துவிட்டால், பம்ப் வேகமாகத்தான் சுழலும், ஆனால் எதையும் நகர்த்தாது. டிராக்டரில் டீசல் தீர்ந்து போனால், டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. லைனில் புகுந்த காற்றைக் கையால் பம்ப் அடித்து எடுத்த பிறகுதான் கிளம்பும். கிராமத்தில் இதையெல்லாம் தினமும் செய்கிறோம். கார் என்று வந்ததும் வேறு உலகம் போல நினைத்துவிடுகிறோம்.

இன்ஜினுக்குள் எரியும் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைத் திருப்பும் வேலைக்குப் போகிறது. பல நேரம் அதற்கும் குறைவு. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் பெரும்பகுதி சிலிண்டர் சுவர் வழியாகக் கூலண்டில் இறங்குகிறது. தீ பிடிக்கும் கணத்தில் உள்ளே 2000 டிகிரிக்கு மேல் சூடு. அதைச் சுற்றி நிற்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் காப்பது, சின்னக் காரில் நாலு லிட்டருக்கும் குறைவான கூலண்டின் இடைவிடாத ஓட்டம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறதோ, அதே வெப்பத்தை வாங்க 3,500 லிட்டர் காற்று வேண்டும். ஆகவே ஒரு டம்ளர் அளவு காற்று ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால், அந்த இடத்து இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஆறுதல் கொடுக்க ஆளே இல்லை என்று அர்த்தம்.

அதோடும் நிற்பதில்லை. காற்று இருக்கும் இடத்தின் ஓரத்தில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி பல மடங்கு இடம் கேட்கும். அது கூலண்டைத் தள்ள, ரேடியேட்டர் மூடியை மீறிக்கொண்டு கூலண்ட் ரிசர்வ் டேங்குக்கு ஓடும், அங்கிருந்து வழிந்து ரோட்டில் கொட்டும். உள்ளே கூலண்ட் இன்னும் குறையும். காற்று தன் இடத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறது. சமவெளியில் நல்லபடி ஓடிய வண்டி மலையேறும்போது கொதிக்க இதுவும் ஒரு காரணம். இரண்டாம் கியரில் இன்ஜின் முழு பாரம் இழுக்கிறது, எதிர்காற்று போதாது, உள்ளே ஓட்டமும் அரைகுறை.

"ஆனா எல்லா நேரமும் முள்ளு ஏறலீங்க மாமா. ஏறும், திடீர்னு இறங்கும், மறுபடி ஏறும்."

அவன் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் நான் ஹெட்டைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். ரேடியேட்டர் அடைத்திருந்தால் முள் மெதுவாக, நிதானமாக ஏறும். ஏறி இறங்கி ஆடினால் உள்ளே குமிழி நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சூட்டை அளக்கும் சென்சாரின் முனை கூலண்டில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். ஆவி பட்டால் திடீரெனத் தூக்கிச் சொல்லும். ரேடியேட்டர் ஃபேனுக்குக் கட்டளை கொடுப்பதும் பெரும்பாலும் இதே மாதிரி ஒரு சென்சார்தான். அதனால் இன்ஜின் கொதிக்கும்போதும் ஃபேன் சும்மா நிற்கும். உடனே ஃபேன் மோட்டாரை பேட்டரியோடு நேராக இணைத்து ‘டைரக்ட்’ பண்ணிவிடுவார்கள். நோய் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் போய்விடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே வகை வைத்தியம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று சொல்லாத பட்டறை குறைவு. நான் இதை முழுமூச்சாக மறுக்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்னக் கதவு. இன்ஜின் 82 அல்லது 88 டிகிரி போல ஒரு சூட்டை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாது. இன்ஜின் சீக்கிரம் தன் சரியான சூட்டுக்கு வரத்தான் இந்த ஏற்பாடு. அதை எடுத்துவிட்டால் ஹைவேயில் இன்ஜின் சூடே ஏறாமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில், இந்தக் கதவு திறக்கும்போதே குறுக்கு வழி ஒன்றை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அங்கே தெர்மோஸ்டாட் இல்லையென்றால், கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினையே சுற்றிவந்து இன்னும் சூடாகும்.

ஆனால் காற்று மாட்டிக்கொள்ளும் முக்கியமான இடமும் இந்தக் கதவடிதான். இன்ஜின் ஆறியிருக்கும்போது கதவு மூடியிருக்கும். மேலிருந்து கூலண்ட் ஊற்றினால் ரேடியேட்டர் நிறையும், கீழ் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் ஏறும். அப்படி ஏறும் கூலண்ட், அங்கிருந்த காற்றை மேலே ஹெட்டுக்குத் தள்ளும். ஹெட்டின் வாசலில் கதவு மூடிக்கிடக்கிறது. காற்று எங்கே போகும்? இதற்காகவே பல தெர்மோஸ்டாட்டுகளின் தட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை போட்டு, அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊசியை வைத்திருப்பார்கள். காற்று வந்தால் ஊசி தொங்கி வழிவிடும். பம்ப் ஓடிக் கூலண்ட் தள்ளினால் எழும்பி அடைத்துக்கொள்ளும். மாட்டும்போது அந்த ஊசி மேல்பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் துளை இருந்தும் காற்றுக்கு வழியில்லை.

இன்னொரு ஒளிவிடம் ஹீட்டர். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜின் கூலண்ட் அதற்குள்ளும் போய் வரும். எங்கள் பொள்ளாச்சியில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? அதனால் வருஷக்கணக்கில் அந்தத் திருகு நீலத்திலேயே நிற்கும். ஆனால் சோதிக்க அதுதான் சுலபமான கருவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு திருகைச் சிவப்புக்கு வைத்துப் பாருங்கள். அனல் அடிக்க வேண்டும். முள் உச்சியில் இருக்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதினால், கூலண்ட் அங்கே போகவே இல்லை. வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் சொம்பில் தண்ணீர் சாய்ப்பதுபோல் கலகலவென்று கேட்டாலும் காற்றுதான்.

பம்ப் மாற்றிய பில்லை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். கூலண்ட் இரண்டரை லிட்டர் என்று எழுதியிருந்தது. காரோடு வந்த கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 3.6 லிட்டர். பழைய கூலண்ட் கொஞ்சம் இன்ஜினில் தங்கியிருக்கலாம்; ஆனாலும் ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம். பம்ப் மாற்றியவர் வேலை தெரியாதவர் இல்லை. பம்ப்பைப் பார்த்தேன், கச்சிதமாக மாட்டியிருந்தார். கடைசி முக்கால் மணி நேரம் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தோம்.

மூடியைத் திறக்குமுன் அவன் கையைப் பிடித்து ஹோஸின் மேல் வைத்தேன். "சில்லுனு இருக்குதா? இப்படி இருந்தா மட்டும்தான் திறக்கோணும்." இதை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கக் கூடாது. மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். உள்ளே அவ்வளவு அழுத்தத்தை அது கட்டிக் காக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல், 120 டிகிரி வரைக்கும் அடங்கி நிற்கும். மலையில் இது இன்னும் முக்கியம்: ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரியில். சூடான நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், உள்ளிருப்பது அத்தனையும் கொதித்துக்கொண்டு முகத்துக்குப் பாயும். குக்கர் வெயிட்டைப் பிடுங்காத நாம், நடுரோட்டில் பதற்றத்தில் இந்த மூடியைத் திருகிவிடுகிறோம். துணி சுற்றித் திறந்தால் போதும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள்.

அதே பதற்றத்தில் செய்யும் இன்னொரு காரியம், கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது. சூடான அலுமினியம் திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும். பல சிறிய இன்ஜின்களில் ஹெட்டின் தளம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணலாகக் கூடாது; அது நோட்டுத் தாளின் பருமனில் பாதி. வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து ஹீட்டர் ஃபேனையும் முழுசாகப் போட்டு, ஓரமாக நிறுத்துங்கள். ஆவி தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

மூடியைத் திறந்தான். கழுத்துவரை பச்சைக் கூலண்ட். "நெறஞ்சுதானுங்க இருக்குது" என்றான். மேல் ஹோஸை இரண்டு கையாலும் மெதுவாகப் பிசையச் சொன்னேன். மாட்டின் மடியைப் பிசைவதுபோல, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு. நாலாவது அழுத்தில் கழுத்தில் ‘பொளக்’ என்று ஒரு பெரிய குமிழி வெடித்தது. மட்டம் ஒரு விரல் இறங்கியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன் என்றாலும் தகும். வயிறு உப்பிய குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வந்ததும் தாய்க்கு வரும் நிம்மதி அது.

வண்டியின் மூக்கு மேலே இருக்க வேண்டும் என்றது இதற்குத்தான். காற்று எப்போதும் உள்ளதிலேயே உயரமான இடத்துக்குப் போகும். மூக்கைத் தூக்கினால் ரேடியேட்டர் வாய் உயரமான இடமாகிவிடுகிறது. அந்த வாயில் இன்னும் உயரம் கூட்ட, ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக, கழுத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்கிச் செருகினேன். புனல் ஆயிற்று. அதில் பாதி அளவுக்குக் கூலண்ட். காற்று மேலே வரும், கூலண்ட் கீழே இறங்கும், சிந்தாது. இதற்கென்றே புனல் விற்கிறார்கள். அடிக்கடி செய்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

ஹீட்டர் திருகைச் சிவப்புக்கு வைத்து இன்ஜினைக் கிளப்பினோம். ஏசி வேண்டாம். முதலில் ஏலக்காய் அளவுக் குமிழிகள், விட்டு விட்டு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இங்கேதான் பலர் முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடுவார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை, கண்ணு, இன்னொரு டீ குடிக்கலாம் என்றேன். பன்னிரண்டு நிமிஷம் போல ஆயிற்று. மேல் ஹோஸ் திடீரெனச் சூடேறியது. புனலில் இருந்த கூலண்ட் மடமடவென்று உள்ளே இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அதுவரை ஹெட்டில் அடைபட்டிருந்த காற்று வரிசையாக வந்து வெடித்தது. ஊற்றினேன், இறங்கியது, மறுபடி ஊற்றினேன். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 2000 சுற்றில் அரை நிமிஷம் பிடித்து விடச் சொன்னேன். ஹீட்டர் பக்கம் ஒளிந்திருந்தது அப்போது வந்தது. "மாமா, இங்க அனல் அடிக்குதுங்க!" என்று உள்ளிருந்து கத்தினான்.

ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுழல ஆரம்பிக்கும், ஆகவே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குனியக் கூடாது. ஃபேன் ஒருமுறை ஓடி நின்று, மறுமுறையும் ஓடி நின்றது. குமிழி அடங்கிவிட்டது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, புனலை எடுத்து, மூடி போட்டோம். ஊற்றிய கணக்கு 900 மில்லி.

எல்லாக் காருக்கும் இதே முறை பொருந்தாது. சிலவற்றில் தெர்மோஸ்டாட் பக்கத்தில் காற்றுக்கென்றே ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் முதலில் சீறும், பிறகு குமிழி கலந்து வரும், கடைசியில் ஒரே சீராகக் கூலண்ட் வரும், அப்போது மூடிவிட வேண்டும். பிளாஸ்டிக் திருகு என்றால் பலம் காட்டக் கூடாது, முறிந்துவிடும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், அழுத்தம் தாங்கும் டேங்க் மட்டும் உள்ள வண்டிகளும் உண்டு. உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

குமிழி அடங்கவே இல்லை என்றால்? அரை மணி நேரம் கழித்தும் சோடாபோல நுரைத்துக்கொண்டே வந்தால், அது வெளியிலிருந்து புகுந்த காற்றல்ல. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் விட்டு, எரிந்த புகை கூலண்டுக்குள் வருகிறது. கிளப்பின ஒரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுவதும், ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறுவதும், சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை விடாமல் வருவதும் அதன் அடையாளங்கள். நீல நிறத் திரவத்தின் வழியே ரேடியேட்டர் வாயின் காற்றை இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த புகை இருந்தால் மஞ்சளாக மாறிவிடும். ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

எதை ஊற்றுவது என்றும் கேட்டான். இங்கே தண்ணீர் உறையாது, அப்புறம் எதற்குக் கூலண்ட் என்பது எல்லாருடைய கேள்வியும். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையைக் கூட்டுகிறது, துருவைத் தடுக்கிறது. நம் போர்வெல் தண்ணீர் டீ போடும் பாத்திரத்தில் படிய வைக்கும் வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கலந்தே வரும் கூலண்ட் இல்லையென்றால், அடர் கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சேர்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவிதி கிடையாது; கையேட்டில் உள்ள வகையைப் பார்த்து வாங்குங்கள். கீழே சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிவிடும், அது உயிரைக் குடிக்கும் விஷம். குழந்தைகளுக்கும் அப்படியே.

வண்டியை அன்று அவன் எடுத்துப் போகவில்லை. பக்கத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடியும் ராத்திரி நிறுத்தினோம். சூடான கூலண்ட் விரிந்து ரிசர்வ் டேங்குக்குப் போகும். ஆறும்போது சுருங்கி, மூடியின் அடியில் உள்ள சின்ன வால்வு வழியாக மறுபடி உள்ளே இழுக்கும். அப்படி இழுக்கும்போது மிச்சமிருந்த காற்றின் இடத்தைக் கூலண்ட் பிடித்துக்கொள்ளும். டேங்க் காலியாக இருந்தால் அதே வழியாகக் காற்றை இழுத்துவிடும். பட்ட பாடு வீணாகிவிடும். திங்கள் காலை பார்த்தபோது டேங்கில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றினான். செவ்வாய்க்கிழமை இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் ஆழியாறு வழியாக மேலே போனோம். ஐந்தாவது வளைவு, ஏழாவது வளைவு. முள் பாதிக்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தினான். பானெட்டைத் திறந்து, மூடியைத் தொடாமல், டேங்கின் மட்டத்தை மட்டும் குனிந்து பார்த்தான். பிறகு போய், போன தடவை பார்க்காமல் விட்ட அணையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.